மௌனத்தின் சமன்பாடு

நுழையும்முன்

எல்லாரும் ஒரே வழியில் கற்பதில்லை. சிலர் பேசிப் பேசித் தெளிவடைவர். சிலர் ஒரு சொல்லும் பேசாமல் உள்ளுக்குள்ளேயே தெளிவடைவர். வகுப்பறையில் கையுயர்த்தாத மாணவருக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணிவிடுவது எளிது. இருபதாம் நூற்றாண்டின் இயற்பியலுக்குப் புது வடிவம் தந்தவர்களுள் ஒருவர் அத்தகைய மாணவராகவே வளர்ந்தார். அவரது மௌனத்தைப் பிழையாகக் கருதாத ஆசிரியர்கள் அவருக்கு வாய்த்தனர். அதனால் விளைந்த நன்மையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நீளத்தை மீட்டரால் அளக்கிறோம். நிறையைக் கிலோகிராமால் அளக்கிறோம். பேச்சை எதனால் அளப்பது? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர்கள் இதற்கென ஓர் அலகை வேடிக்கையாக உருவாக்கியிருந்தனர். அதன் பெயர் டிராக். ஒரு மணி நேரத்தில் ஒரு சொல் பேசினால் அது ஒரு டிராக் எனப்பட்டது. தம் உடன் பணியாற்றிய ஒருவரின் பெயரையே அவர்கள் அந்த அலகுக்குச் சூட்டியிருந்தனர். அவர்தாம் பால் ஏட்ரியன் மாரிஸ் டிராக்.

நண்பர்கள் நகைத்து மகிழ்ந்த அந்த மௌனத்திற்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு. தனித்து விடப்பட்ட சிறுவர் ஒருவர், கல்வி என்னும் கதவைத் திறந்துகொண்டு உலகத்தோடு உறவு கொண்ட வரலாறு அது.

உணவு மேசையும் பிறமொழியும்

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் அமைந்த துறைமுக நகரம் பிரிஸ்டல். அந்நகரில் 1902ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் பால் டிராக் பிறந்தார். தந்தை சார்லஸ் டிராக் சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்தவர். பிரிஸ்டலில் பிரெஞ்சு மொழி ஆசிரியராகப் பணியாற்றினார். தாய் புளோரன்ஸ், நகரின் நூலகத்தில் பணிபுரிந்தபோது சார்லஸைச் சந்தித்து மணந்தவர். பாலுக்கு ஃபெலிக்ஸ் என்னும் அண்ணனும் பெட்டி என அழைக்கப்பட்ட தங்கையும் இருந்தனர்.

தந்தை கண்டிப்பு மிக்கவர். தம் பிள்ளைகள் பிரெஞ்சு மொழியைப் பிழையறக் கற்க வேண்டும் என்று விரும்பினார். அதற்காக வீட்டில் ஒரு விதியை வகுத்தார். உணவு வேளையில் தம்மிடம் பிரெஞ்சு மொழியில் மட்டுமே பேச வேண்டும் என்பதே அவ்விதி. நாளடைவில் அந்த வீட்டின் உணவு வேளை இரண்டாகப் பிரிந்தது. தாயும் மற்ற இரு பிள்ளைகளும் சமையலறையில் அமர்ந்து ஆங்கிலம் பேசி உண்டனர். உணவறையில் தந்தையும் பாலும் மட்டும் அமர்ந்திருந்தனர். தம் எண்ணங்களைப் பிரெஞ்சு மொழியில் சொல்ல இயலாத பால், பேசாமல் இருப்பதே நலம் என்று கண்டார். தமது மௌனத்திற்கு இதுவே தொடக்கம் என்று பிற்காலத்தில் அவரே கருதினார்.

வீட்டிற்கு விருந்தினர் மிகுதியாக வருவதில்லை. சுற்றமும் நட்பும் சூழ வளரும் வாய்ப்பு அப்பிள்ளைகளுக்கு அமையவில்லை. பிறரோடு எப்படிப் பேசுவது, எப்போது சிரிப்பது, எதற்கு மறுமொழி சொல்வது என்பனவற்றை மற்றச் சிறுவர்கள் தெருவிலும் திடலிலும் இயல்பாகக் கற்றனர். பாலுக்கு அவை புரியாத பாடங்களாகவே இருந்தன.

கையால் கற்ற கல்வி

1914ஆம் ஆண்டு, முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தில், பால் டிராக் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அது பிரிஸ்டல் நகரின் வணிகர் சங்கத்தால் நடத்தப்பட்ட தொழில்நுட்பக் கல்லூரியோடு இணைந்த பள்ளி. அவருடைய தந்தை ஆசிரியராக இருந்ததும் அப்பள்ளியில்தான்.

அக்காலத்து இங்கிலாந்தில் பெயர்பெற்ற பள்ளிகள் பல இலத்தீன், கிரேக்கம் ஆகிய பழம்பெரும் மொழிகளுக்கே முதலிடம் தந்தன. செய்யுளை ஒப்பிக்கவும் சொல்நயத்தோடு உரையாற்றவும் தெரிந்த மாணவர்களே அங்கு ஒளிர்ந்தனர். பால் பயின்ற பள்ளி அவ்வாறு அமையவில்லை. அறிவியலும் கணிதமும் அங்குச் சிறப்பிடம் பெற்றன. பொறியியல் வரைபடம் வரைதல், உலோக வேலை, செங்கல் அடுக்குதல் போன்ற கைத்தொழில்களும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றன. பேசத் தயங்கிய மாணவர் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான பள்ளி அமைந்திருக்க முடியாது. ஒரு பொருளை முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் நோக்கி வரைவதற்குச் சொற்கள் தேவையில்லை; கூர்ந்த பார்வையும் பொறுமையும் போதும். அவை இரண்டும் பாலிடம் நிறைந்திருந்தன.

போரும் ஒரு வகையில் அவரது கல்விப் போக்கை மாற்றியது. மேல்வகுப்பு மாணவர்கள் போர்ப்பணிக்குச் சென்றுவிட்டதால் அவ்வகுப்புகள் வெறுமையாயின. கீழ்வகுப்புகளில் தேர்ந்த மாணவர்கள் விரைவாக மேலே ஏற்றப்பட்டனர். கணிதத்தில் பால் தம் வகுப்பினரைவிட வெகுதொலைவு முன்னே சென்றிருந்தார். வகுப்பின் வேகத்திற்கு அவரைக் கட்டிப்போடுவது முறையன்று என்பதை ஆசிரியர்கள் உணர்ந்தனர். நூல்களைப் படித்துத் தாமே கற்றுக்கொள்ள அவருக்கு இசைவு தந்தனர். எல்லாரோடும் சேர்ந்து விடை சொல் என்று அவரை வற்புறுத்தாமல், அவர் போக்கில் கற்க வழிவிட்ட அந்தச் சிறு முடிவு பெரும்பயன் விளைத்தது. நூல்கள் அவரிடம் உடனடி மறுமொழி கேட்கவில்லை. அவர் விரும்பிய நேரத்தில் விரும்பிய அளவு அவற்றோடு உரையாட முடிந்தது. தம்மால் இயலும் என்னும் நம்பிக்கை அவர் உள்ளத்தில் முதன்முதலாக வேர்விட்டது அங்கேதான்.

மூடிய கதவும் திறந்த கதவும்

1918ஆம் ஆண்டு, 16ஆம் வயதில், பால் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயிலத் தொடங்கினார். கணிதம் அவருக்குப் பிடித்த பாடமாயினும், அதைக் கற்றால் ஆசிரியப் பணிதான் கிடைக்கும் என்று எண்ணிப் பொறியியலைத் தேர்ந்தார். அண்ணன் ஃபெலிக்ஸும் பொறியியல் பயின்றுகொண்டிருந்தார்.

1919ஆம் ஆண்டு நவம்பரில் உலகெங்கும் ஒரு செய்தி பரவியது. அவ்வாண்டு மே மாதத்தில் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது எடுத்த அளவீடுகள் ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கைக்கு ஆதரவாக அமைந்தன என்பதே அச்செய்தி. போரால் சோர்ந்திருந்த மக்களிடையே அது பெரும் ஆர்வத்தைத் தூண்டியது. பொறியியல் மாணவரான பாலும் அதில் ஈடுபட்டார். பிரிஸ்டலில் பிராட் என்னும் மெய்யியல் பேராசிரியர் சார்பியலைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகளைச் சென்று கேட்டார். காலமும் வெளியும் ஒன்றோடொன்று இணைந்தவை என்னும் கருத்து அவரை ஆட்கொண்டது.

1921ஆம் ஆண்டு பொறியியலில் முதல் வகுப்பில் தேறினார். அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் உள்ள புனித ஜான் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் வென்று, ஆண்டுக்கு 70 பவுண்டு உதவித்தொகையும் பெற்றார். ஆயினும் கேம்பிரிட்ஜில் தங்கிப் படிக்க அத்தொகை போதவில்லை. எஞ்சிய தொகைக்கு வழி பிறக்கவில்லை. போருக்குப் பிந்தைய பொருளாதார மந்தத்தால் எங்கும் வேலையின்மை தலைவிரித்தாடியது. முதல் வகுப்பில் தேறிய அந்த இளைஞருக்குப் பொறியாளர் பணியும் கிடைக்கவில்லை. அறிமுகமற்றவர்களிடம் நாலு சொல் பேசவே தயங்கும் ஒருவர் வேலை தேடி அலைவது எத்துணைக் கடினம் என்பதை எண்ணிப் பார்க்கலாம். வேலையுமின்றி மேற்கல்வியுமின்றி அவர் வீட்டிலேயே முடங்கிவிடும் நிலை ஏற்பட்டது.

இந்நிலையில்தான் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் முன்வந்தனர். பேசாத அந்த மாணவரின் திறத்தை அவர்கள் விடைத்தாள்களில் கண்டிருந்தனர். கட்டணம் ஏதுமின்றிக் கணிதப் பட்டப்படிப்பில் சேர்ந்து பயிலலாம் என்று அவரை அழைத்தனர். ஈராண்டுகள் அவர் அங்குப் பயின்றார். அங்கே பீட்டர் ஃபிரேசர் என்னும் ஆசிரியர் அவருக்குக் கணிதத்தின் கண்டிப்பையும் வடிவியலின் அழகையும் கற்பித்தார். ஆய்வுலகில் பெயர் பெறாத அந்த ஆசிரியரைத் தமக்கு வாய்த்தவர்களுள் மிகச் சிறந்த ஆசிரியர் என்று டிராக் பின்னாளில் போற்றினார். 1923ஆம் ஆண்டு கணிதத்திலும் முதல் வகுப்பில் தேறினார். அரசின் ஆய்வு உதவித்தொகையாக ஆண்டுக்கு 140 பவுண்டு கிடைத்தது. பழைய 70 பவுண்டும் சேர, கேம்பிரிட்ஜின் கதவு திறந்தது.

அதே வீட்டில் மற்றொரு பிள்ளைக்குக் கதவு திறக்கவில்லை. அண்ணன் ஃபெலிக்ஸ் மருத்துவம் பயில விரும்பினார். தந்தையோ பொறியியலையே பயில வைத்தார். விருப்பமில்லாத துறையில் ஃபெலிக்ஸால் சிறந்து விளங்க இயலவில்லை. மனநிறைவற்ற பணியில் காலங்கழித்த அவர், 1925ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் 24ஆம் வயதில் அகால மரணமடைந்தார். தம் பெற்றோர் இத்துணை வேதனைப்படுவர் என்பதை அப்போதுதான் அறிந்ததாக டிராக் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஒரே கூரையின்கீழ் வளர்ந்த இருவருள் ஒருவருக்குத் தம் இயல்புக்கேற்ற கல்வி கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. டிராக்கின் புகழைப் பேசும்போதெல்லாம் ஃபெலிக்ஸையும் நினைப்பது நம் கடமை.

பெயரிடப்படாத இயல்பு

டிராக்கின் இயல்பு பிறரிடமிருந்து பல வகையிலும் மாறுபட்டிருந்தது. வேண்டிய அளவு மட்டுமே பேசுவார். பிறர் கூறும் சொற்களுக்கு நேர்ப்பொருளையே கொள்வார். ஒருமுறை அவர் உரையாற்றி முடித்தபின், கரும்பலகையில் உள்ள சமன்பாடு ஒன்று தமக்குப் புரியவில்லை என்று அவையிலிருந்த ஒருவர் கூறினார். டிராக் ஒன்றும் பேசாமல் நின்றார். மறுமொழி சொல்லுமாறு அவைத்தலைவர் கேட்டுக்கொண்டபோது, வந்தது வினாவன்று, செய்திதான் என்று டிராக் விளக்கினார். அவையோர் நகைத்தனர். அவர் நகைச்சுவையாகக் கூறவில்லை. உள்ளதை உள்ளவாறே உரைத்தார். ஒரே வகையான ஒழுங்கில் நாள்களைக் கழிப்பதும், ஞாயிறுதோறும் தனியே நெடுந்தொலைவு நடப்பதும் அவர் வழக்கங்கள்.

இத்தகைய இயல்புகள் சிலவற்றை இன்று ஆட்டிசம் என்னும் சொல்லோடு தொடர்புபடுத்துகிறோம். தமிழில் இதனை மதியிறுக்கம் என்றும் வழங்குவர். குழந்தைகளிடம் காணப்படும் இந்நிலையை 1943ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் விளக்கி எழுதினார். அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கரும் எழுதினார். டிராக் அதற்கு முன்பே நோபல் பரிசு பெற்றுவிட்டார். ஆகவே அவர் சிறுவராக இருந்த காலத்தில் அவருடைய இயல்புக்குப் பெயரில்லை. பிற்காலத்திலும் மருத்துவர் எவரும் அவரைச் சோதித்து அவ்வாறு கூறியதில்லை. அவருடைய வாழ்க்கை வரலாற்றை விரிவாக எழுதிய கிரகாம் ஃபார்மெலோ, டிராக்கிடம் ஆட்டிசத்தின் இயல்புகள் இருந்தன என்று கருதுகிறார். டிராக்கோ தம் தந்தையின் கண்டிப்பையே காரணமாகக் கூறினார். மறைந்த ஒருவரின் உள்ளத்தை இன்று சோதித்தறிய இயலாது. ஆயினும் அவர் பிறர்போல் பழக இயலாதவராக வளர்ந்தார் என்பதில் ஐயமில்லை.

ஆட்டிசம் நோயன்று. அது மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு. புலன்களால் உலகை உணர்வதிலும் பிறரோடு பழகுவதிலும் அவ்வேறுபாடு வெளிப்படும். அவ்வியல்புடையோர் அனைவரும் ஒரே தன்மையர் அல்லர். சிலர் சரளமாகப் பேசுவர். சிலர் சொல்லே பேசாமல் இருப்பர். சிலருக்கு நாள்தோறும் பிறர் உதவி தேவைப்படும். அவர்கள் எல்லாரும் மேதையர் என்று எண்ணுவதும் பிழை. அவர்களால் எதுவும் இயலாது என்று எண்ணுவதும் பிழை. மேதையாக விளங்கினால்தான் மதிப்போம் என்பது கல்வியின் நெறியாகாது. ஒவ்வொருவருக்கும் ஏற்ற கற்றல் வழியைத் தேடித் தருவதே கல்வியின் கடமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

கேம்பிரிட்ஜில் டிராக்கிற்கு ஆய்வு நெறியாளராக அமைந்தவர் ரால்ஃப் ஃபௌலர். சார்பியலில் ஆய்வு செய்யவே டிராக் விரும்பியிருந்தார். ஃபௌலரோ அணுக்களின் உலகை ஆராயும் குவாண்டம் கொள்கையை அவருக்கு அறிமுகப்படுத்தினார். 1925ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் டிராக் பிரிஸ்டலில் இருந்தபோது ஃபௌலரிடமிருந்து அஞ்சல் ஒன்று வந்தது. ஜெர்மனியின் இளம் அறிஞர் ஹைசன்பர்க் எழுதி, அதுவரை வெளிவராதிருந்த கட்டுரையின் அச்சுப்படி அதில் இருந்தது. அதைப் பற்றி டிராக்கின் கருத்தை ஃபௌலர் கேட்டிருந்தார். ஆராய்ச்சி மாணவர் ஒருவரிடம் நெறியாளர் கருத்துக் கேட்பது அவர்மீது கொண்ட நம்பிக்கையின் அடையாளமன்றோ!

அக்கட்டுரையில் புதிரொன்று இருந்தது. மூன்றை ஐந்தால் பெருக்கினாலும் ஐந்தை மூன்றால் பெருக்கினாலும் விடை ஒன்றே. ஹைசன்பர்க் கையாண்ட அளவுகளிலோ பெருக்கும் வரிசை மாறினால் விடையும் மாறியது. அரிசியை ஊறவைத்துப் பின் அரைப்பதும், அரைத்துப் பின் ஊறவைப்பதும் ஒன்றாகாது அல்லவா? அதுபோன்றதே இது. ஹைசன்பர்க் இதைத் தம் கொள்கையின் குறையாகக் கருதிக் கவலைப்பட்டார். டிராக்கோ அதுவே புதிய இயற்பியலின் திறவுகோல் என்று கண்டார்.

அவ்வாண்டு அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் தனியே நடந்துகொண்டிருந்தபோது, முன்னர் எப்போதோ படித்த கணிதக் கருத்து ஒன்று அவர் நினைவுக்கு வந்தது. பாய்சான் அடைப்பு என்பது அதன் பெயர். ஹைசன்பர்க்கின் புதிருக்கும் அதற்கும் ஒற்றுமை இருப்பதாகத் தோன்றியது. ஆனால் அதன் வரையறை முழுமையாக நினைவில் இல்லை. அறைக்குத் திரும்பித் தம்மிடமிருந்த நூல்களில் தேடினார், கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையாதலால் நூலகங்கள் மூடியிருந்தன. இரவு முழுதும் பொறுத்திருந்து, மறுநாள் காலை நூலகம் திறந்ததும் விரைந்து சென்று பார்த்தார். அவர் எண்ணியது சரியாகவே இருந்தது. அந்த ஒற்றுமையின் மேல் அவர் எழுப்பிய கட்டுரை அவ்வாண்டு இறுதியில் வெளிவந்தது. பெயரே கேள்விப்படாத அந்த இளைஞரை ஐரோப்பிய இயற்பியலாளர்கள் வியந்து நோக்கினர். அப்போது அவருக்கு வயது 23. 1926ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார்.

சமன்பாட்டை நம்பியவர்

1928ஆம் ஆண்டு டிராக் வெளியிட்ட சமன்பாடு அவர் பெயரை நிலைநிறுத்தியது. எலக்ட்ரானின் இயக்கத்தை விளக்கக் குவாண்டம் கொள்கையும் சார்பியல் கொள்கையும் ஒருங்கே தேவைப்பட்டன. அவ்விரண்டையும் ஒரே சமன்பாட்டில் இசைய வைத்தார் டிராக். எலக்ட்ரானின் தற்சுழற்சி என்னும் பண்பை அறிஞர்கள் அதுவரை தனியே சேர்த்துக் கூற வேண்டியிருந்தது. டிராக்கின் சமன்பாட்டிலோ அது தானாகவே வெளிப்பட்டது.

அச்சமன்பாடு மற்றொன்றையும் கூறியது. எதிர்ம ஆற்றலுடைய விடைகள் அதில் தோன்றின. அவற்றைப் பொருளற்றவை என்று ஒதுக்கியிருக்கலாம். டிராக் ஒதுக்கவில்லை. பல ஐயங்களைக் கடந்து, எலக்ட்ரானுக்கு நிகரான நிறையும் நேர்மின்னூட்டமும் கொண்ட துகள் ஒன்று இயற்கையில் இருக்க வேண்டும் என்று 1931ஆம் ஆண்டு எழுதினார். அத்தகைய துகளை அதுவரை எவரும் இனங்கண்டதில்லை. மறு ஆண்டே கலிபோர்னியாவில் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்த கார்ல் ஆண்டர்சன் அத்துகளைக் கண்டறிந்தார். அதுவே பாசிட்ரான். மருத்துவமனைகளில் புற்றுநோயைக் கண்டறிய இன்று பயன்படும் பெட் ஸ்கேன் என்னும் கருவி பாசிட்ரானைக் கொண்டே செயல்படுகிறது.

அவையில் நாலு பேர் முன் பேசக் கூசிய ஒருவர், உலகம் காணாத துகளொன்று உண்டு என்று கூறும் துணிவை எங்கிருந்து பெற்றார்? அவர் பெற்ற கல்வியே அத்துணிவைத் தந்தது. பொறியியல், தோராயங்களைக் கண்டு அஞ்சாமல் பயன்படுத்தக் கற்பித்தது. இரும்பு உத்திரத்தின் ஒரே புள்ளியில் குவியும் சுமையைக் கணக்கிட்ட பழக்கம், டிராக் சார்பு எனப்படும் புதிய கணிதக் கருவியை உருவாக்க உதவியது. ஃபிரேசர் கற்பித்த வடிவியல், கண்ணால் காண முடியாதவற்றையும் மனத்தில் வரைந்து பார்க்கப் பயிற்றியது. தம்பிக்கை என்பது உரத்த குரலில் மட்டும் ஒலிப்பதில்லை. சரியெனக் கண்டதைக் கைவிடாத உறுதியிலும் அது வாழ்கிறது.

பெருமைகள் அவரைத் தேடி வந்தன. 1930ஆம் ஆண்டு இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1932ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் நியூட்டன் வகித்த லூகாசியப் பேராசிரியர் பதவியில் அமர்ந்தார். 1933ஆம் ஆண்டு, 31ஆம் வயதில், ஷ்ரோடிங்கருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விளம்பரத்திற்கு அஞ்சி அப்பரிசை மறுத்துவிடலாமா என்றும் எண்ணினார். மறுத்தால் விளம்பரம் இன்னும் பெருகும் என்று ரூதர்ஃபோர்டு அறிவுறுத்திய பின்னரே ஏற்றுக்கொண்டார். பரிசு பெறுவதற்குத் தம் தாயை உடனழைத்துச் சென்றார்.

சொல்லில் அடங்காத அன்பு

குறைவாகப் பேசுபவர் குறைவாக உணர்பவர் என்று கருதுவோர் உளர். டிராக்கின் வாழ்க்கை அக்கருத்தைப் பொய்யாக்குகிறது. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய இரஷ்ய இயற்பியலாளர் கபிட்சா அவருடைய நெருங்கிய நண்பர். 1934ஆம் ஆண்டு தாயகம் சென்ற கபிட்சாவை இங்கிலாந்திற்குத் திரும்ப விடாமல் சோவியத் அரசு தடுத்துவிட்டது. அப்போது அமெரிக்காவில் இருந்த டிராக், தம் கூச்சத்தையெல்லாம் மறந்து, வாஷிங்டனில் சோவியத் தூதரைச் சந்தித்து நண்பருக்காக வாதாடினார். பின்னர் இரஷ்யாவுக்கே சென்று நண்பரோடு தங்கி ஆறுதல் அளித்தார்.

1937ஆம் ஆண்டு மார்கிட் என்னும் ஹங்கேரியப் பெண்மணியை மணந்தார். திருமணத்திற்கு முன் அவர் எழுதிய கடிதங்களில் கேட்ட கேள்விகள் பலவற்றுக்கு டிராக் விடையெழுதவில்லை. இதை மார்கிட் சுட்டிக்காட்டியதும், டிராக் ஓர் அட்டவணை வரைந்தார். எந்தக் கடிதம், எந்தக் கேள்வி, அதற்கு விடை என்ன என்று வரிசையாக நிரப்பி அனுப்பினார். காதல் கடிதத்தில் அட்டவணையா என்று நாம் வியக்கலாம். தமக்குத் தெரிந்த ஒழுங்கான வழியில் அவர் தம் அன்பை வெளியிட்டார். மார்கிட் அதைப் புரிந்துகொண்டார். அவர்களுடைய இல்லறம் ஏறத்தாழ 48 ஆண்டுகள் நீடித்தது.

மாணவர்களிடத்தும் அவர் பரிவுடையவராக இருந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் சென்றார். ஃபௌலர் வெளியூர் சென்றிருந்த காலத்தில் டிராக்கே அவருக்கு நெறியாளராக இருந்தார். அயல்நாட்டில் தனிமையால் வாடிய அந்த இளைஞரிடம் டிராக் அன்புடன் பழகினார். கோபன்ஹேகனில் உள்ள நீல்ஸ் போரின் ஆய்வு நிறுவனத்திற்குச் சென்று வருமாறு அறிவுரை கூறினார். சந்திரசேகரும் அவ்வாறே சென்று பயின்றார். 1983ஆம் ஆண்டு சந்திரசேகர் நோபல் பரிசு பெற்றபோது டிராக் உயிருடன் இருந்தார்.

நிலைத்த நினைவு

1969ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் ஓய்வுபெற்ற டிராக், தம் இறுதிக் காலத்தை அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கழித்தார். பேசுவதற்குத் தயங்கிய அவர், எழுபது வயதைக் கடந்தபின் பல நாடுகளுக்கும் சென்று நிறைந்த அரங்குகளில் உரையாற்றினார். 1984ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் மறைந்தார். 1995ஆம் ஆண்டு இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், நியூட்டனின் கல்லறைக்கு அருகே, அவர் நினைவாகக் கல்வெட்டு ஒன்று பதிக்கப்பட்டது. அதில் பெயரோடும் ஆண்டுகளோடும் அவருடைய சமன்பாடும் பொறிக்கப்பட்டுள்ளது. சொற்களைச் சிக்கனமாகப் பயன்படுத்திய ஒருவருக்கு அதைவிடத் தகுந்த புகழுரை வேறில்லை.

டிராக்கை உருவாக்கியவர்கள் அவரைப் பேச வைத்தவர்கள் அல்லர்; அவர் பேசாதபோதும் அவருடைய அறிவைக் கண்டுகொண்டவர்கள். நூல்களோடு தனியே கற்கவிட்ட பள்ளி ஆசிரியர்கள், கட்டணமின்றி வகுப்பில் இடந்தந்த பேராசிரியர்கள், கருத்துக் கேட்டு அஞ்சல் அனுப்பிய நெறியாளர் என அவர்கள் செய்த உதவிகள் அளவில் சிறியவை. அவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த இளைஞரின் வாழ்க்கை பிரிஸ்டலின் ஒரு வீட்டுக்குள் முடிந்திருக்கக்கூடும். நம்மோடு பயிலும் தோழர்களுள்ளும் பேசாதோர், கண்ணோடு கண் நோக்காதோர், விளையாட்டில் ஒதுங்கி நிற்போர் இருக்கலாம். அவர்களை ஏளனம் செய்யாமல் அருகில் இடந்தருவது நம்மால் இயன்ற செயல். அவர்கள் மௌனத்திற்குள் என்ன சமன்பாடு எழுதப்படுகிறது என்பதை யாரறிவார்?

தெரிந்து தெளிவோம்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 2ஆம் நாள் உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களை வரையறுக்கிறது. அவற்றுள் ஆட்டிசமும் ஒன்று. மாற்றுத்திறனுடைய மாணவர்களும் பிற மாணவர்களும் ஒன்றாகப் பயிலும் உள்ளடக்கிய கல்வியை இச்சட்டம் வலியுறுத்துகிறது.

கற்பவை கற்றபின்

1. பால் டிராக்கின் வாழ்வில் ஆசிரியர்கள் செய்த உதவிகளைக் கால வரிசையில் தொகுத்து எழுதுக.

2. பால், ஃபெலிக்ஸ் ஆகிய இருவரின் கல்வியை ஒப்பிட்டு, விருப்பமான துறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.

3. அதிகம் பேசாத மாணவரும் தம் அறிவை வெளிப்படுத்த ஏற்ற வழிகளாக உங்கள் வகுப்பறையில் எவற்றை ஏற்படுத்தலாம்? குழுவாகச் சிந்தித்துப் பட்டியலிடுக.